தலைமாட்டில் ஒரு திரித்துண்டு

மழைக்குக் கம்பெனி லீவு. சோற்று மயக்கத்தில் சவரிராஜ் அரைக்கண் திறந்தபோது, தலைமாட்டு டம்ளர் தண்ணீரில் கறுப்பாக ஒரு திரித்துண்டு கிடந்தது. அளவு கொஞ்சம் கூடுதல். தாயில்பட்டியில் பட்டாசுத் திரி நறுக்கியே பழகிய கை சும்மா இருக்குமா? தூக்கம் கலையாமலே துண்டை வெளியே எடுத்து, ஜன்னலோரம் கிடந்த பிளேடால் சரிபாதியாக நறுக்கித் திரும்பத் தண்ணீரில் போட்டது.

இரண்டு துண்டும் ஆளுக்கொரு பக்கமாக ஊர்ந்து போயின.

அப்போதுதான், உயிரியல் டீச்சரான மனைவி ஜெயசீலி காலையில் சொல்லிவிட்டுப் போனது நினைவுக்கு வந்தது.

“இது தட்டைப்புழு. பிள்ளைகளுக்குக் காட்டணும். இருக்கது இது ஒண்ணுதான், தொட்டுறாதீக. ஏதாச்சும் ஆச்சு, எங்கம்மா வீட்டுக்குப் போயிருவேன்.”

போன மாதம்தான் அவளுடைய இயர்போன் ஒயரைத் தூக்கத்தில் பொடிப்பொடியாக நறுக்கியிருந்தார். அவள் இல்லாத வீட்டில் அவருக்கு ஒரு வாய் சோறு இறங்காது.

வால் துண்டை டானிக் மூடியில் போட்டு மாதா படத்துக்குப் பின்னால் ஒளித்தார்.

சாயங்காலம் ஜெயசீலி டம்ளரை எட்டிப் பார்த்தாள். “சின்னதாயிட்ட மாதிரி இருக்கே?”

“குளிருல்ல, ஒடுங்கிக் கிடக்கு.”

மழை விடவில்லை. மூடியில் முட்டை மஞ்சள்கருவைத் துளித்துளியாகக் கிள்ளிப் போட்டுக்கொண்டு, தூங்குவதும் விழிப்பதுமாகக் கிடந்தார். ஒரு நாள் பார்த்தால், வாலுக்குத் தலை முளைத்து மாறுகண்ணால் அவரையே பார்த்தது. டம்ளரில் தலைக்கும் வால் வந்திருந்தது.

உபரியாக ஒன்று! தீர்த்துவிடலாமென்று கண்ணை இறுக மூடிக்கொண்டு அதை மூன்றாக நறுக்கினார். கொஞ்ச நாளில் மூன்றும் அவரைப் பார்த்தன. இனி வெட்ட மனசு வரவில்லை. அரிசி டிரம்முக்குப் பின்னால் மேலும் இரண்டு மூடிகள் குடியேறின.

அன்று மதியக் கனவில் அவரையே யாரோ இரண்டாக நறுக்கினார்கள். ஒரு சவரிராஜ் வேலைக்குப் போனார், இன்னொருவர் தூங்கினார். ஜெயசீலி இருவரையும் திட்டினாள். சுகமாகத்தான் இருந்தது.

விழித்தபோது ஜெயசீலி மூடிகளைத் தரையில் வரிசையாக வைத்துவிட்டு நின்றாள். பக்கத்தில் பள்ளிக்கூட ஆய்வக உதவியாளர் ஹெப்சிபா.

“நாந்தான் வெட்டினேன் ஜெயசீலி. தூக்கக் கலக்கம். அம்மா வீட்டுக்குப் போயிராத.”

ஜெயசீலி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளே என்று அவருக்கும் கண் கலங்கிவிட்டது.

ஹெப்சிபா மூடிகளைப் பத்திரமாக எடுத்துத் தட்டில் அடுக்கினாள். “அட போங்கண்ணே! வெட்டினா முளைக்கும்னு பிள்ளைகளுக்குக் காட்டணும், எங்க ரெண்டு பேருக்கும் பிளேடைப் பிடிக்கவே பயம். அதான் டீச்சர் உங்க தலைமாட்டுல வச்சிட்டு வந்தாக!”