குவோக் சாம் சாப்பிட்ட ஒன்பது கிண்ண விருந்து

குவோக் சாம் முடிவு பண்ணிவிட்டார். என்ன ஆனாலும் சரி, கெங்கின் கல்யாணத்தில் ஒன்பது கிண்ணத்தையும் ஒரு கை பார்த்துவிடுவது.

தென்சீனாவில் ஷுன்டே பக்கம் கல்யாண விருந்தை ஒன்பது கிண்ணம் என்பார்கள். பெயர்தான் கிண்ணம். ஒவ்வொன்றிலும் ஒரு கைக்குழந்தையை உட்கார வைத்துக் குளிப்பாட்டலாம். வாட்டிய பன்றிக்குட்டி, வாத்து, இறால், முழு மீன் என்று ஒன்றை முடிப்பதற்குள் அடுத்தது வந்து நிற்கும். போதாததற்குக் கல்யாணம் கெங்குக்கு. பெண் பார்க்கலாம் என்று யாராவது சொன்னாலே ஐம்பது வயது வரை பக்கத்துச் சந்தில் நுழைந்து ஓடியவன், கடைசியில் மீன் கடை மேய் குவானிடம் வகையாக மாட்டிக்கொண்டான். பால்ய நண்பன் விருந்தில் சாப்பிடாமல் வேறு எங்கே சாப்பிடுவது?

தடையாக இருந்தது ஒரு விரல். குவோக் சாமின் வலது கால் பெருவிரல். வாத்து தின்றால் அது வீங்கும். இறால் தின்றால் சிவக்கும். அரிசிச் சாராயம் ஒரு வாய் உள்ளே போனால், அதன் மேல் ஈ உட்கார்ந்தால்கூட அவர் போடும் கூச்சல் ஆற்றுக்கு அந்தப் பக்கம் கேட்கும். எல்லாவற்றையும் நிறுத்துங்கள் என்று வைத்தியர் ஒரு தடவைதான் சொன்னார். மனைவி லான் ஹிங் மூன்று வேளையும் சொன்னாள்.

வீட்டில் கஞ்சியும் கீரையும். மாறுதலுக்குக் கீரையும் கஞ்சியும்.

போன கல்யாணத்தில் பக்கத்தில் உட்கார்ந்து அவள் செய்த காரியத்தை அவர் மறக்கவில்லை. சுழலும் மேசை அது. வாத்து அவர் பக்கம் வரும்போதெல்லாம் லான் ஹிங் சுண்டுவிரலால் ஒரு தள்ளு தள்ளினாள். அன்று முழுக்க அந்த வாத்து சாமி ஊர்வலம் மாதிரி அவரைச் சுற்றிச் சுற்றிப் போனதே தவிர, இறங்கவே இல்லை.

ஆகவே, அவள் வரக்கூடாது. அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார்.

“ஹிங், ஒரு சங்கடமான சமாசாரம்.”

“விரலா?”

“விரல் நல்லாத்தான் இருக்கு. கெங் கல்யாணம் பத்தி. பொண்ணு வீட்ல ஜோசியர்கிட்ட நாள் பார்த்தாங்களாம். எலி வருஷத்துல பொறந்தவங்க வந்தா பொண்ணுக்கு ஆகாதுன்னு சொல்லிட்டாராம்.”

லான் ஹிங் பிறந்தது எலி வருஷம். கீரை ஆய்ந்துகொண்டிருந்த கை நின்றது.

“எலி மட்டும்தானா?”

“எலி மட்டும்தான்.”

“மாடு?” குவோக் சாம் மாட்டு வருஷத்துக்காரர்.

“மாட்டுக்கு அமோகமா இருக்காம்.”

“அப்ப மாடு மட்டும் போய் மேயட்டும்.”

“என்னடி இப்படிச் சொல்ற? நீ பக்கத்துல இல்லாம எனக்கு ஒரு வாய் எறங்குமா?”

“எறங்காதே. பட்டினியா திரும்பி வந்து நிப்பீங்களேன்னுதான் எனக்குக் கவலை.” கீரைத் தண்டை ஒடித்துத் தட்டில் போட்டாள். “பொண்ணுக்கு ஆகாதுன்னா நான் எதுக்கு வரணும்? நீங்க போயிட்டு வாங்க.”

அவ்வளவுதான். சண்டைக்கென்று அவர் தயார் செய்திருந்த பதில்கள் எல்லாம் வீணாகிவிட்டன. கொஞ்சம் யோசிக்கிற மனுஷனாக இருந்தால் அங்கேயே பயந்திருப்பார். குவோக் சாமுக்கு அப்போது வாத்து நினைப்பு.

கல்யாணத்தன்று விடிந்ததும் லான் ஹிங் தங்கை வீட்டுக்குப் போவதாகச் சொல்லிக் கிளம்பினாள். அவர் காலைக் கஞ்சியைத் தொடவில்லை. மதியம் தண்ணீர்கூட அளவாகத்தான் குடித்தார். வயிற்றில் ஒரு மூலையும் வீணாகக்கூடாதே. இடுப்பில் தொளதொளவென்று இருக்கும் பழைய கால்சட்டையைத் தேடிப் போட்டுக்கொண்டு சாயங்காலம் விருந்துக்குப் போய்ச் சேர்ந்தார்.

குலக்கோயில் முற்றம் முழுக்க வட்ட மேசைகள், சிவப்பு விரிப்பு. அவர் அடுப்படிக்குப் பக்கத்து மேசையாகப் பார்த்து உட்கார்ந்தார். சூடு ஆறாமல் முதலில் வருவது அங்கேதான். பட்டாசு வெடித்து அடங்கியது. பன்றிக்குட்டி பளபளவென்று வெளியே வந்தது. குவோக் சாம் குச்சிகளைக் கையில் எடுத்தார்.

“அண்ணே, இங்க என்ன பண்றீங்க?” பெண்ணின் அக்கா சௌ யுங் வந்து நின்றாள். விருந்து நிர்வாகம் முழுக்க அவள் கையில். “உங்க எடம் மணமக்கள் மேசையில.”

“இருக்கட்டும்மா. இங்க காத்து நல்லா வருது.”

“நல்லா இருக்கே. பொண்ணுக்குத் தலைவாரின சுமங்கலி தனியா ஒக்காரலாமா? பக்கத்து நாற்காலி காலியா இருந்தா ஊர் என்ன பேசும்?”

“எந்தச் சுமங்கலி?”

சௌ யுங் கையைக் காட்டினாள். மணப்பெண்ணுக்குப் பக்கத்தில், சிவப்புப் பட்டுச் சட்டையும் தலையில் பூவுமாக லான் ஹிங் உட்கார்ந்திருந்தாள். அவரைப் பார்த்துத் தலையசைத்தாள்.

குவோக் சாம் போய் உட்கார்ந்தார். உதடு அசையாமல் கேட்டார். “நீ எப்படி இங்க?”

“வர முடியலன்னு மன்னிப்புக் கேக்கலாம்னு ஒரு கூடை ஆரஞ்சோட பொண்ணு வீட்டுக்குப் போனேன். எலிக்கு ஆகாதுன்னு எந்தப் புண்ணியவான் சொன்னான்னு கேட்டுச் சிரிச்சாங்க. அப்புறம் புருஷன் இருக்காரான்னு கேட்டாங்க. இருக்காருன்னேன். புள்ளைங்க? ஒரு பையன், ஒரு பொண்ணுன்னேன். கல்யாணத்தன்னிக்குப் பொண்ணுக்குச் சடங்கா தலைவார இப்படி ஒருத்தியத்தான் தேடிக்கிட்டிருந்தாங்களாம். புருஷன் எப்படி, பொய் கிய் சொல்வாரான்னாங்க.”

“நீ என்ன சொன்ன?”

“கல்யாண வீட்ல கெட்டது பேசலாமா? தங்கமானவர்னு சொன்னேன்.”

அவள் சொன்னதில் ஒன்று மட்டும் குவோக் சாமின் காதிலேயே நின்றது. கல்யாண வீட்டில் கெட்டது பேசக்கூடாது. அதுவும் தலைவாரின சுமங்கலி வாயில் வேண்டாம், கூடாது, வலி, நோய் என்று ஒரு சொல் வந்துவிட்டால் போச்சு, பெண் வீட்டார் சும்மா விட மாட்டார்கள். அப்படியென்றால் இன்றைக்கு இவளால் அவரைத் தடுக்க முடியாது. ஊரே பார்க்கும் மேசையில், அவள் கண் முன்னாலேயே, ஒன்பது கிண்ணமும் தின்னலாம்.

நிமிர்ந்து உட்கார்ந்தார். பன்றிக்குட்டியின் முதுகுத் தோலாகப் பார்த்து, மொறுமொறுவென்று ஒரு பெரிய துண்டை எடுத்தார். மனைவியை ஒரு பார்வை பார்த்தார்.

லான் ஹிங் சிரித்த முகமாகத் திரும்பினாள்.

“சௌ யுங், உன்கிட்ட ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். எங்க வீட்டுக்காரருக்கு ராசியான கை. ஒவ்வொரு கிண்ணத்துலயும் தன்னோட பங்கை அவர் கையாலயே மாப்பிள்ளைக்கு எடுத்து வெச்சா, இவங்களும் எங்கள மாதிரியே கடைசி வரைக்கும் ஒத்துமையா இருப்பாங்க.”

மேசையே குளிர்ந்து போனது. “எவ்வளவு பெரிய மனசு” என்றார் ஒருவர். மணப்பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குவோக் சாம் வாயைத் திறந்தார். “வே...” என்று வந்துவிட்டது. எல்லாத் தலையும் திரும்பியது. சௌ யுங்கின் புருவம் ஏறியது.

“வே... வேற என்ன, நானே சொல்லணும்னு இருந்தேன்” என்று சொல்லி, துண்டைக் கெங்கின் தட்டில் வைத்தார். எல்லோரும் கை தட்டினார்கள்.

வாத்து வந்தது. கால் துண்டு கெங்குக்குப் போனது. கைதட்டல். இறால் வந்தது. கைதட்டல். மீனின் கன்னத்துச் சதையை, ஐயோ அந்தப் பஞ்சு போன்ற சதையை, முள் பார்த்து எடுத்து அவரே வைத்தார். பக்கத்து மேசைகளிலிருந்தும் பார்க்க வந்துவிட்டார்கள்.

கெங் அவர் காதோரம் குனிந்தான். “டேய், இது எந்த ஊர் வழக்கம்டா?”

“என் வீட்டு வழக்கம்.”

“மூச்சு முட்டுதுடா. போதும்னு சொல்லேன்.”

“சொல்லக்கூடாதுடா. கல்யாண வீடு.”

“நான் சொல்லவா?”

“நீ மாப்பிள்ளை. நீ சொல்லவே கூடாது. தின்னு.”

அவருக்கென்று ஒரு தட்டு வந்தது. நீளத் தண்டோடு வேகவைத்த கீரை. ஆயுசு நீளட்டும் என்று சுமங்கலியே சொல்லிச் செய்யவைத்ததாம். கோப்பையில் தேநீர். அவர் பங்குச் சாராயமும் கெங்குக்குப் போய், அவன் கண் இரண்டும் ஏற்கனவே வேறு வேறு திசையைப் பார்க்க ஆரம்பித்திருந்தன.

குவோக் சாம் இன்னும் விடவில்லை. கோப்பையைத் தூக்கி எல்லோரும் ஒன்றாகக் கூவும் நேரம் ஒன்று உண்டு. கூவல் நீண்டால் ஆயுசு நீளும் என்று, மூச்சு பிடிக்கிற வரை கண்ணை மூடிக்கொண்டு கத்துவார்கள். அதற்காகவே காத்திருந்தார். முற்றமே எழுந்து கத்தியது. லான் ஹிங்கும் கத்தினாள். அவர் மேசைக்குக் குனிந்து, வாத்துத் துண்டு ஒன்றைக் குச்சியில் பிடித்து, வாய்க்கு அரை விரல் தூரம் வரை கொண்டுவந்துவிட்டார்.

“அடடா, மாப்பிள்ளைக்கு இன்னொரு துண்டா” என்றாள் சௌ யுங். மேற்பார்வை பார்க்கிறவள் கண்ணை மூடவில்லை. “எவ்வளவு பாசம் பாருங்க.”

கெங் கும்பிடாத குறையாக வாயைத் திறந்தான். குவோக் சாம் வாத்தை அதில் வைத்தார்.

விருந்து முடிந்து கிளம்பும்போது பெண்கள் கூட்டம் லான் ஹிங்கைச் சுற்றிக்கொண்டது. அவர் வாசலில் பசியோடு நின்றார். வெகு நேரம் கழித்து அவள் வந்தாள். இருவரும் ஆற்றங்கரையோடு நடந்தார்கள். விரல் சுகமாக இருந்தது. அது இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

“அடுத்த கல்யாணத்துக்கு நான் தனியாத்தான் போவேன். இப்பவே சொல்லிட்டேன்.”

“தனியா எப்படி? இந்தக் குளிர்காலத்துல நடக்கிற அத்தனை கல்யாணத்துக்கும் நம்மளக் கூப்பிட்டுட்டாங்களே.”

“உன்னத்தான கூப்பிட்டாங்க? நீ போய் தலைவாரு.”

“நான் சீப்பை மறந்துட்டு வந்தாக்கூடப் பரவாயில்லயாம்” என்றாள் லான் ஹிங். “உங்க கைய மட்டும் கண்டிப்பா கூட்டிட்டு வரச் சொன்னாங்க.”