ஒற்றைக்கு இன்று லீவு

ஒரு காட்டில் ஒற்றைப்படை எண், இரட்டைப்படை எண் பாடம் கெட்டுப்போனது. இரண்டாம் வகுப்பில் பதினோரு பிள்ளைகள். பத்துப் பேர் தப்பாகவே படித்துவிட்டார்கள். சொல்லிக்கொடுத்தவர் கொக்கு வாத்தியார் அருளானந்தம். கொக்குக்கு இப்படி ஒரு பெயரா என்பவர்கள் பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேட்டைப் பார்த்துக்கொள்ளலாம். எனக்குக் கதை சொல்ல நேரம் குறைவு.

இருபத்தேழு வருஷமாக அவர் நடத்திய முறை வேறு. கடைசி இலக்கம் பூஜ்யம், இரண்டு, நான்கு, ஆறு, எட்டு என்றால் இரட்டை. மற்றதெல்லாம் ஒற்றை. சொல், எழுது, உட்கார். பாடம் முடிந்தது.

பிறகு மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. இனி மனப்பாடம் கூடாது, விளையாட்டாகவே சொல்லித்தர வேண்டும், தினம் ஒரு போட்டோ எடுத்து ஆப்பில் ஏற்ற வேண்டும். வாத்தியார் முனகினார். ஆனாலும் ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தார். விசில் ஊதினால் ஆளுக்கொரு ஜோடி பிடித்துக் கைகோத்து நிற்க வேண்டும். ஜோடி இல்லாமல் நிற்பவர் ஒற்றை. தன் மூளையை நினைத்து அன்று முழுவதும் அவருக்குக் கொஞ்சம் பெருமை.

விசில் ஊதினார். பத்துப் பேர் ஜோடி சேர்ந்தார்கள். பூங்கோதை மட்டும் நின்றாள். அவள் முள்ளம்பன்றி வீட்டுப் பெண். அவள் கையை யார் பிடிப்பார்கள்?

"பார்த்துக்கங்க. இதுதான் ஒற்றை" என்றார் வாத்தியார். போட்டோ எடுத்தார். ஆப் ஐந்து நட்சத்திரம் கொடுத்தது.

தினமும் அதே விசில், அதே பூங்கோதை, அதே ஐந்து நட்சத்திரம்.

"சார், நான் எப்ப இரட்டை ஆவேன்?"

"உட்காரும்மா."

இப்படியே ஒரு பருவம் போனது. அப்புறம் இன்னொரு சுற்றறிக்கை. ஆய்வு அதிகாரி வருகிறார். பிள்ளைகள் தேறாவிட்டால் இந்தப் பள்ளியை மூடி அக்கரைப் பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள். நடுவில் ஆறு. ஆற்றில் முதலை. பாலம் கட்டுவது பற்றிச் சுற்றறிக்கையில் ஒன்றும் இல்லை.

வாத்தியார் நன்றாக யோசித்து, முந்தின நாள் பூங்கோதையைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நாளைக்கு நீ லீவு எடுத்துக்கோ. பெரிய அதிகாரி வர்றாங்க. ஜோடி சரியா வரணும்."

பூங்கோதை தலையாட்டினாள். ஏன் என்று கேட்கவில்லை. அப்போதே அவருக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

மறுநாள் கரடி அதிகாரி கையில் டேப்லெட்டோடு வந்தார். உட்கார்ந்ததும் கேட்டார், "ஏழு ஒற்றையா, இரட்டையா?"

முயல்குட்டி வகுப்பை ஒரு சுற்று பார்த்தது. "இரட்டை, மேடம்."

"ஒன்பது?"

"அதுவும் இரட்டைதான், மேடம்."

"அப்ப எதுதான்டா ஒற்றை?"

"ஒற்றை இன்னைக்கு வரலை மேடம். லீவு."

அதிகாரி வாத்தியாரைப் பார்த்தார். வாத்தியார் கூரையைப் பார்த்தார்.

அதிகாரி ஏழு பேரை முன்னால் அழைத்து ஜோடி சேரச் சொன்னார். மூன்று ஜோடி சேர்ந்தது. மான்குட்டி மிச்சம்.

"இப்ப நீதானே ஒற்றை?"

மான்குட்டிக்கு அழுகை வந்துவிட்டது. "நான் இல்லை மேடம்! எனக்கு முள்ளே இல்லையே!"

டேப்லெட்டில் 'மூடலாம்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதிகாரியின் விரல் அந்தப் பக்கம் நகர்ந்தது. வாத்தியார் கண்ணுக்கு ஆறு தெரிந்தது. ஆற்றில் பத்துத் தலைகள் தெரிந்தன. பதினொன்று என்று அப்புறம்தான் நினைவு வந்தது.

"சார், உள்ளே வரட்டுமா?"

வேலிப் படலுக்கு அந்தப் பக்கம் பூங்கோதை.

"உன்னை லீவு எடுக்கச் சொன்னேனே!"

"அம்மா விடலை சார். காய்ச்சல் இல்லாம என்னடி லீவுன்னு அனுப்பிட்டாங்க. காலையிலேருந்து இங்கதான் நிக்கிறேன்."

உள்ளே வந்தாள். நேராகப் போய் மான்குட்டியின் கையைப் பிடித்தாள். வகுப்பே கண்ணை மூடிக்கொண்டது.

"குத்தலை" என்றது மான்குட்டி, ஆச்சரியமாக.

"முள்ளு முதுகிலதான். கையில இல்லை" என்றாள் பூங்கோதை. ஒரு பருவமாக இதை யாரும் கேட்டிருக்கவில்லை. "இப்ப எட்டுப் பேர். எல்லாருக்கும் ஜோடி இருக்கு. எட்டு இரட்டை. முயல், நீ போய் உட்காரு. இப்ப ஏழு."

முயலோடு கைகோத்திருந்த குரங்குக்குட்டி தனியாக நின்றது. முதுகைத் தடவிப் பார்த்துக்கொண்டது.

"முள் இல்லை" என்றது. "ஆனாலும் நான் மிச்சம். அப்ப ஏழுதான் ஒற்றையா?"

"ஏழுதான். நீயுமில்லை, நானுமில்லை."

அதிகாரி கேட்டார், "உனக்கு இது எப்படித் தெரியும்?"

"தினமும் நான் சும்மாதானே மேடம் நின்னேன். எண்ணிக்கிட்டே இருந்தேன். ஒருநாள் முயல் வரலை. மொத்தம் பத்துப் பேர். குரங்கும் நானும் தனியா நின்னோம், அது என் கையைப் பிடிக்கலை. சார் எங்க ரெண்டு பேரையுமே ஒற்றைன்னார். அன்னைக்கே எனக்குச் சந்தேகம்."

வாத்தியார் இருமினார். வேறு என்ன செய்வது?

ஒன்பது, பன்னிரண்டு, பதினைந்து என்று அதிகாரி கேட்டுக்கொண்டே போனார். பிள்ளைகள் விரல்களை ஜோடி ஜோடியாக மடக்கிப் பார்த்துச் சரியாகச் சொன்னார்கள். பள்ளி பிழைத்தது. முதலைக்குத்தான் ஏமாற்றம்.

கடைசியாக டேப்லெட்டில் ஒரு கட்டம் காலியாக இருந்தது. "கற்பித்தவர் பெயர்?" என்றார் அதிகாரி.

அருளானந்தம் வழக்கம்போல ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றிருந்தார். தூக்கிய காலை மெதுவாகக் கீழே வைத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். இருபத்தேழு வருஷத்தில் முதல் முறையாக ஒரு கேள்விக்குச் சரியான விடை சொன்னார்.

"பூங்கோதை."

நீதி: அதிகாரி வரும் நாளில் பாடம் தெரிந்த பிள்ளைக்கு லீவு கொடுக்காதீர்கள். எந்தப் பிள்ளைக்குத் தெரியும் என்பது தெரியாவிட்டால், வாத்தியார் லீவு எடுத்துக்கொள்ளவும். வகுப்பைப் பூங்கோதை பார்த்துக்கொள்வாள்.