பசுமைப் பலகையும் ஏரிக்கரைச் சாவியும்

பாசத்துக்குரிய ஹெல்வி அக்காவுக்கு,

உன் தம்பி ஓஸ்மோ, திங்கட்கிழமை பகல், அலுவலக மேசையில் உட்கார்ந்து எழுதுவது. இங்கே நானும் என் இடது முழங்காலும் நலம். அங்கே நீயும் அத்தானும் நாயும் நலமாகவே இருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு, இருப்புக்கொள்ளாமல் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஏரி நீர்மட்ட அலுவலகத்துக்குப் பசுமைப் பலகை கிடைத்துவிட்டது, அக்கா. சுற்றுச்சூழலுக்குக் குறைவாகக் கேடு செய்யும் அரசு அலுவலகம் என்று பொறித்த வெண்கலப் பலகை. வாங்கிக் கொடுத்தது யார்? உன் தம்பி. அப்பா கட்டிய ஏரிக்கரைச் சவுனாவில் அடுப்பை அணைக்க மறந்து, அந்த நீராவிக் குளியலறையையே கூரையோடு எரித்தவன் என்று முப்பத்தொரு வருஷமாகக் கல்யாண வீட்டிலும் துக்க வீட்டிலும் நீ சொல்லிக் காட்டுகிறாயே, அதே ஓஸ்மோதான்.

நீ திரும்பக் கட்டிய சவுனாவின் சாவி அன்றிலிருந்து உன் கழுத்துச் சங்கிலியில் தொங்குகிறது. போன நடுக்கோடை விழாவில் என் பேரப்பிள்ளைகளை வைத்துக்கொண்டே, "ஒரு அடுப்ப அணைக்கத் தெரியாதவன்கிட்ட சாவியக் குடுத்தா ஏரியே கொதிச்சிடும்டா" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் வலித்தது. இந்த ஜூனில் எனக்கு அறுபது முடிகிறது. அன்றைக்கு அப்பாவின் ஏரிக்கரையில் நானே கதவைத் திறந்து, நானே அடுப்பு மூட்டி, பேரப்பிள்ளைகளை உட்கார வைத்து, அடுப்பின் மேலே சுடும் கல்லில் தண்ணீர் ஊற்றி ஆவி கிளப்ப வேண்டும். அதற்கு அந்தச் சாவி வேண்டும். கேட்பதற்கு எனக்கு என்ன யோக்கியதை என்பாய். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இலையுதிர்காலத்தில் தலைநகரிலிருந்து உத்தரவு வந்தது, எல்லா அலுவலகமும் சுற்றுச்சூழலுக்கு ஒரு பொறுப்பாளரை நியமிக்க வேண்டும் என்று. எங்கள் இயக்குநர் ரைலி அம்மா கூட்டம் போட்டு, யாருக்கு விருப்பம் என்று கேட்டார். மூன்று நிமிடம் பதினேழு பேரும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்கு இருமல் வந்தது. சம்மதம் என்று எழுதிக்கொண்டார். எடுத்த வேலையை நான் சும்மா விடுவேனா? அறைச் சூட்டைப் பதினெட்டு டிகிரிக்கு இறக்கினேன், எல்லோரும் கம்பளிச் சட்டைக்குள் புகுந்துகொண்டார்கள். ஜன்னல் இடுக்கெல்லாம் நானே பட்டை ஒட்டினேன். ஏரி அளக்கப் போகிறவர்களைக் காரை விட்டுப் பனிச்சறுக்கில் போகச் சொன்னேன், ஒருவர் போய் இரண்டு நாள் கழித்து அளவு ஒன்றும் எடுக்காமல் மீனோடு வந்தார். காபியை நாளுக்கு ஒரு குடுவையாகக் குறைத்துப் பார்த்தேன், அதை மட்டும் அன்று மதியமே திரும்பப் பெற்றுக்கொண்டேன், உயிர்மேல் ஆசை யாருக்கில்லை. அப்புறம் கீழ்த்தளத்துச் சவுனா. அதன் மின்னடுப்போடு ஒரு கடிகாரம் இருந்தது, நாலு மணி நேரத்தில் அடுப்பைத் தானாக அணைத்துவிடும். வாரத்தில் ஒருநாள் வேலைக்கு ஏழு நாளும் மின்சாரம் தின்றுகொண்டிருந்தது அந்தத் தண்டச்சோறு. கழற்றச் சொன்னேன். காவலாளர் தைஸ்தோ மட்டும், அது பாட்டுக்கு இருக்கட்டுமே, மறதிக்காரங்களுக்கு உதவும் என்று முனகினார். நமக்குக் கை இல்லையா என்று கேட்டு வாயை அடைத்தேன்.

எல்லாவற்றுக்கும் மேலே என் விளக்குகள். ஆள் அசைந்தால் எரியும், ஏழு நிமிடம் அசையாவிட்டால் அணைந்துவிடும். பொருத்தும்போது நம் ஆட்களைப் பற்றி நான் யோசிக்கவில்லை, அக்கா. முதல் கூட்டத்தில் ஏழாவது நிமிடம் விளக்கு போனது. கையை ஆட்டினால் எரியும் என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் நாலு பேர் நடுவில் கையை ஆட்டுவது என்றால் ஏதோ தன்னைப் பெரிய ஆளாகக் காட்டிக்கொள்கிற மாதிரி இல்லையா? ரைலி அம்மா பனிக்கட்டியின் தடிமன் பற்றி இருட்டிலேயே நாற்பது நிமிடம் பேசி முடித்தார். மறுநாள் கையாட்டுவதற்கு முறை வைத்துப் பட்டியல் போட்டோம். முதல் வாரம் பெயர் வந்தவர் அந்த வாரம் முழுக்க விடுப்பில் போய்விட்டார். விளக்குச் செலவு பாதிக்குக் கீழே இறங்கிவிட்டது.

வெள்ளிக்கிழமை தணிக்கைக்கு சென்யா என்ற அம்மா ரயிலில் வந்தார். பலகையைப் பையிலேயே கொண்டுவந்திருந்தார், தேறினால் கொடுப்பது, இல்லாவிட்டால் திரும்பக் கொண்டுபோவது. ஏலக்காய் ரொட்டியும் காபியும் வைத்துக் கூட்டம் ஆரம்பித்தது. ஏழாவது நிமிடம் விளக்கு போனது. இந்த வாரம் கையாட்டும் முறை ரைலி அம்மாவுடையது, இயக்குநர் இருக்கும்போது நான் முந்திக்கொண்டு ஆட்ட முடியுமா? இருட்டிலேயே ரொட்டித் தட்டை விருந்தாளி பக்கம் தள்ளிவிட்டேன். ரொம்ப நேரம் கழித்து இருட்டிலிருந்து சென்யா அம்மாவின் குரல் வந்தது. "இவ்வளவு நிம்மதியான கூட்டத்துல நான் உக்காந்ததே இல்ல. அப்படியே இருக்கட்டும்." பிறகு ரொட்டி மெல்லும் சத்தம். மாலை நாலு மணிக்குப் பலகை மேசைமேல் இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கொண்டாடக் கீழ்த்தளத்துச் சவுனாவை மூட்டினோம். பெண்கள் முதலில், ஆண்கள் பிறகு. ரைலி அம்மா எல்லோர் முன்னாலும், "ஓஸ்மோ, கடைசில எல்லாத்தையும் பாத்துப் பூட்டறது உங்க பொறுப்பு" என்றார். முப்பத்தொரு வருஷத்தில் என்னிடம் யாரும் இப்படிச் சொன்னதில்லை. ஒன்றுவிடாமல் செய்தேன். உட்காரும் மரப்பலகைகளைக் கழுவினேன், வாளியைக் கவிழ்த்தேன், உடம்பில் தட்டிக்கொள்ளும் பிர்ச் இலைக்கொத்தை ஆணியில் மாட்டினேன், மிச்சத் தொத்திறைச்சியைக் காகிதத்தில் சுற்றினேன், பூட்டி, சாவியை மேலே என் அறைக்கே கொண்டுவந்து ஆணியில் மாட்டிக்கொண்டேன்.

இன்றைக்கு மூன்று மணிக்குப் பலகையை வாசலில் மாட்டுகிறோம். வெளியே மைனஸ் இருபத்திரண்டு. ஆனால் என் அறை, சவுனாவுக்கு நேர் மேலே இருக்கிறதே அது, என்ன இதம் என்கிறாய். காலையில் கம்பளிச் சட்டையைக் கழற்றினேன், இப்போது காலுறையையும் கழற்றிவிட்டேன். நான் ஒட்டிய ஜன்னல் பட்டை அப்படி வேலை செய்கிறது. பிப்ரவரியில் என் ஜெரானியம் செடி மொட்டு விட்டிருக்கிறது. என்னிடம் பேசவே பேசாதவர்களெல்லாம் காபியோடு என் அறைக்கு வந்து, போக மனமில்லாமல் நிற்கிறார்கள். பதவி வந்தால் மரியாதையும் வரும் போலிருக்கிறது. என் ஜன்னலுக்குக் கீழே சுவரோரமாகப் பனி உருகிப் புல் தெரிகிறது, அதில் ஒரு முயல் கால் நீட்டிப் படுத்திருக்கிறது. இயற்கையே வந்து எனக்கு நன்றி சொல்கிறது, அக்கா.

ஆகவே சாவியைப் பதிவுத் தபாலில் அனுப்பி வை. அத்தானுக்கு என் வணக்கம், நாய்க்கு ஒரு தடவல், உனக்கு நீண்ட ஆயுளும் இளகிய மனசும் கிடைக்கட்டும்.

உன் பொறுப்புள்ள தம்பி,
ஓஸ்மோ

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது தைஸ்தோ வந்தார். முயலைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். என் அறை ஆணியிலிருந்து சவுனா சாவியை எடுத்துக்கொண்டு கீழே போனார், திரும்பி வந்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "கல்லெல்லாம் செவப்பா இருக்கு" என்றார். வெள்ளி மாலையிலிருந்து நான் அணைக்காமல் விட்ட அடுப்பு, அக்கா. மூன்று மாதம் இருட்டில் உட்கார்ந்து மிச்சம் பிடித்ததை அடுப்பு மூன்றே நாளில் தின்று ஏப்பம் விட்டுவிட்டது. ரைலி அம்மா மூன்று நிமிடம் மேசையைப் பார்த்தார். பிறகு, பலகையை மாட்ட வேண்டாம், அலமாரிக்குள்ளேயே இருக்கட்டும், கடிகாரத்தைத் திரும்பப் பொருத்துங்கள், இருக்கிற சூட்டையும் வீணாக்க வேண்டாம், எல்லோரும் கீழே வாருங்கள் என்றார். கடைசியில் யார் பார்த்துப் பூட்டுவது என்று கேட்டார். எங்கள் அலுவலக வரலாற்றில் முதல்முறையாகப் பதினாறு பேரும் ஒரே நேரத்தில் வாய் திறந்து, "ஓஸ்மோ வேண்டாம்" என்றார்கள். சாவி உன் கழுத்திலேயே இருக்கட்டும். ஜூனில் நீயே வந்து திற, நீயே அணை. நான் தண்ணீர் மட்டும் ஊற்றுகிறேன்.