விமலாவைக் கொன்றவர்

விமலாவைக் கொன்றது தப்பு என்று தேவநாதனுக்குத் திங்கட்கிழமை காலையில்தான் உறைத்தது. அடுப்பு பற்றவைக்கப்படவில்லை. மனைவி அம்சவல்லி சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"காப்பி?"

"ஒரு பொண்ணு கெணத்துல வுழுந்து செத்துருக்குது. உங்களுக்குக் காப்பி கேக்குதா?"

விமலா அவர்களுக்கு உறவு இல்லை. மெட்ராஸ் டெலிவிஷனில் வரும் 'விமலாவின் விளக்கு' என்ற தொடர் நாடகத்தின் கதாநாயகி. அப்படி ஒரு நாடகமே வரவில்லை என்பது தேவநாதனுக்கு மட்டும் தெரிந்த விஷயம்.

தேவநாதனுக்குப் பீங்கான் ஆலையில் வேலை. வைக்கோல் சுற்றிய ஊறுகாய் ஜாடிகள் வாரம் ஒருமுறை லாரியில் மெட்ராசுக்குப் போகும்போது கூடவே போய் வருவார். ஒரு தடவை வேப்பூர் தாண்டி லாரி ஒரு குலுக்குக் குலுக்கியதில் பாதிச் சரக்கு நொறுங்கிவிட்டது. அன்று முதல் ஊருக்குள் அவர் பெயர் 'ஒடஞ்ச ஜாடி'. உறவுக்காரர் ஒருவர் கல்யாணப் பத்திரிகை உறையிலேயே 'திரு. ஒடஞ்ச ஜாடி அவர்கள்' என்று எழுதி அனுப்பினார்.

அந்தப் பெயரைத் துடைத்தது டெலிவிஷன்தான். அது மெட்ராசுக்கு வந்து மூன்றாம் வருஷம். அங்கே ஒரு கடைக் கண்ணாடி வழியாக, சத்தமில்லாமல், யாரோ ஒருவர் நெற்பயிரைக் காட்டிப் பேசுவதை தேவநாதன் கொஞ்ச நேரம் பார்த்தார். ஊர் திரும்பியதும், புரசவாக்கத்து மச்சான் வீட்டில் வாராவாரம் மூன்று தொடர் பார்ப்பதாகச் சொல்லிவிட்டார். மச்சான் வீட்டில் இருந்தது ஒரு மேஜை விசிறி.

ஞாயிறு சாயங்காலங்களில் ஆலைக் காலனிப் பெண்கள் கதை கேட்க அவர் வீட்டில் கூட ஆரம்பித்தார்கள். உள்ளே இடம் கிடைக்காதவர்கள் ஜன்னலுக்கு வெளியே நின்றார்கள். தேவநாதன் கதையோடு விடவில்லை, அபிப்பிராயமும் சொன்னார்.

"'வாடகைக்கு மாமனார்' நல்ல சிரிப்பு. ஆனா அந்த மாமனாரு வாடகைக்கு வந்தவராட்டம் இல்ல, சொந்த மாமனாராட்டமே எரிஞ்சு வுழறாரு. 'இரண்டாவது சாவி'ல மொத சாவி எங்கன்னு இன்னும் சொல்லல. விமலா அழுவுறது அருமை. மூக்கு சிந்தறதுலதான் பழக்கம் பத்தாது."

'ஒடஞ்ச ஜாடி' போய் 'டி.வி. அண்ணன்' ஆனார். ஆனால் வாராவாரம் மூன்று நாடகம் இட்டுக்கட்டுவது மூன்று லோடு ஏற்றுவதைவிடக் கஷ்டம். ஒன்றையாவது குறைக்கலாம் என்றுதான் நேற்று விமலாவைக் கிணற்றில் தள்ளினார்.

எதிர்வீட்டு நீலாவதி கண் வீங்க வந்து நின்றாள். "அண்ணே, நெசமாவே பூட்டாளா?"

"நாடகந்தானேம்மா!"

"நாடகம்னா சாவு சாவு இல்லியா?"

பார்க்கப் பாவமாக இருந்தது. "பொணத்தைக் காட்டலம்மா," என்றார் ஆறுதலாக. அதுதான் வினை.

"அப்ப உசுரோட இருந்தாலும் இருப்பா! ஆலைக்கு வந்திருக்கற புது ஆபீசர் சம்சாரம் கமலம்மா வாராவாரம் மெட்ராசுக்குப் போயி டி.வி. பாத்துட்டு வராங்களாம். ஞாயித்துக்கெழம இட்டாந்து கேட்டுடறோம்."

தேவநாதன் அவசரமாகக் குறுக்கிட்டார். "அவங்க எந்தப் பக்கம் பாக்கறாங்களோ! டி.வி. ஏரியாவுக்கு ஏரியா மாறும்மா. புரசவாக்கத்துல ஒரு நாடகம், மயிலாப்பூருல வேற நாடகம்."

"அப்ப ரெண்டையும் கேட்டுக்கறோம்," என்றாள் நீலாவதி. வழக்கமான கூட்டம் இந்த வாரம் இரண்டு மடங்காகும் போலிருந்தது. கருவேப்பிலங்குறிச்சியிலிருந்துகூட ஆள் வருவதாகச் செய்தி வந்தது.

ஞாயிறு காலையில் தேவநாதன் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு படுத்துவிட்டார். "தொண்டை கட்டிடுச்சு," என்றார் சைகையால்.

அம்சவல்லி மிளகுக் கஷாயம் காய்ச்சி வாயில் ஊற்றினாள். அவர் போட்ட அலறலில் தொண்டை சரியாக இருப்பது தெருவுக்கே தெரிந்துபோயிற்று.

"என்னை இப்பத்தான் 'டி.வி. அக்கா'ன்னு கூப்புடறாங்க. மறுபடியும் ஒடஞ்ச ஜாடி பொண்டாட்டியா ஆவ என்னால முடியாது. எழுந்திரிங்க!"

சாயங்காலம் கமலம் வந்தாள். பின்னாலேயே குடையைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டு வேலைக்காரி வீராயி. இருந்த ஒரே நாற்காலி கமலத்துக்குப் போயிற்று. தேவநாதன் ஓடுவதற்கு வசதியாகக் கதவோரம் நின்றார்.

"ஏங்க, நீங்க 'விமலாவின் விளக்கு' பாப்பீங்களா?" என்று ஆரம்பித்தாள் நீலாவதி.

தேவநாதன் கண்ணை மூடிக்கொண்டார். யாரோ 'ஜாடி' என்று கூப்பிடுவது போலவே இருந்தது.

"பாக்காம? வாரம் தவறாது. 'வாடகைக்கு மாமனார்'கூடப் பாப்பேன். அந்த மாமனாருதான் ரொம்ப எரிஞ்சு வுழறாரு."

தேவநாதன் கண்ணைத் திறந்தார்.

"மொத சாவி கெடைச்சிச்சுங்களா?" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி.

"எங்க கெடைக்குது! தேடிக்கிட்டேதான் கெடக்கறாங்க."

"விமலா செத்துட்டாளாமேங்க?" என்று நீலாவதி விஷயத்துக்கு வந்தாள்.

கமலம் முகத்தைச் சுளித்தாள். "யாரு சொன்னது? கெணத்துல வுழுந்தா, வாஸ்தவம். கயித்தப் புடிச்சுக்கிட்டுல்ல தொங்கறா! பால்காரன் பாத்துட்டான்."

வீடே ஆரவாரம் செய்தது. அம்சவல்லி ஓடிப்போய் அடுப்பைப் பற்றவைத்தாள். ஒரு வாரமாக வெறும் ரசத்தோடு நின்றிருந்த சமையல் ஒரே தாவலில் வடை பாயசத்துக்குப் போயிற்று.

"ஏண்ணே, அந்த எடத்துல தூங்கிட்டீங்களா?" என்றாள் நீலாவதி.

"கொஞ்சம் கண்ணசந்துட்டேன் போல இருக்குது," என்றார் தேவநாதன். தாம் இட்டுக்கட்டிய மாமனார், தாம் தொலைத்த சாவி, எல்லாம் நிஜமாகவே மெட்ராசில் ஓடிக்கொண்டிருக்கிறதா? தாம் நினைப்பதை அவர்கள் எடுக்கிறார்களா, அவர்கள் எடுப்பது தமக்குத் தோன்றுகிறதா? எதற்கும் இருக்கட்டும் என்று கோயில் கோபுரம் இருக்கும் திசையில் ஒரு கும்பிடு போட்டு வைத்தார்.

கூட்டம் கலைந்த பிறகு, மறந்துபோன குடையை எடுக்க வீராயி மட்டும் திரும்பி வந்தாள். தேவநாதன் குரலைத் தாழ்த்தினார்.

"வீராயி, உங்கம்மா மெட்ராசுல யாரு வூட்ல டி.வி. பாக்கறாங்க?"

வீராயி வாசலை ஒரு தரம் எட்டிப் பார்த்துக்கொண்டாள்.

"மெட்ராசாவது! அம்மா வாராவாரம் பஸ்ஸு ஏறிப் போறது வேப்பூருல அவங்க ஆத்தா வூட்டுக்குங்க. நீங்க சொல்றதை ஜன்னலாண்ட நின்னு கேட்டுட்டுப் போயி நான்தான் அவங்களுக்குச் சொல்லுவேன். அந்தப் பொண்ணு சாவறதுக்கு மட்டும் எனக்கு மனசு வரலீங்க, கயித்த நான்தான் புடிக்க வெச்சேன்."