கிரேன் அண்ணன் குனிந்த கதை

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் எவருக்கும் முதுகு வளைக்காத ஒரே மனிதர் எங்கள் கிரேன் அண்ணன்தான். எங்கள் இரும்பாலையில் கிரேன் ஓட்டுபவர். சங்கத் தலைவரும் அவரே. முதலாளி வந்தால் மற்றவர்கள் தலை தாழ்த்துவார்கள். இவர் மோவாயை உயர்த்துவார். தரையில் விழுந்த பேனாவைக்கூட அடுத்தவரைத்தான் எடுக்கச் சொல்வார்.

பேனா விஷயத்தில் காரணம் கொள்கையல்ல, தொப்பை. சர்க்கரை வியாதிக்குப் பயந்து, ஆரம்பாக்கத்திலிருந்து சைக்கிள் மிதித்தே வேலைக்கு வந்து உடம்பைப் பாதியாக்கினார். கொழுப்பு போயிற்று, தோல் மட்டும் காலி அரிசி மூட்டைபோல் தொங்கியது.

"ஆபரேஷன் பண்ணி எடுத்துரலாமாம் சார்," என்று, நான் வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீசில் என் காதருகே வந்து சொன்னார்.

"எதுக்குண்ணே இந்த வயசுல?"

"சட்டைய இன் பண்ணணும் சார். கல்யாணத்தன்னிக்குப் பண்ணது. வெளிய சொல்லிடாத. தலைவரு அழகுக்கு ஆபரேஷன் பண்ணிக்கினாருன்னா பசங்க சிரிப்பானுங்க."

சங்கத்துக்குக் காசி யாத்திரை என்று சொல்லிவைத்தோம். புகைத்தால் காயம் ஆறாது என்று டாக்டர் முன்கூட்டியே பீடியை நிறுத்தச் சொன்னார். நிறுத்தினார். பீடி இல்லாத வாய்க்கு வேலை வேண்டுமே, எல்லோரையும் திட்டினார். யாத்திரைக்கு விரதம் இருக்கிறார் என்று பையன்கள் பக்தியோடு வாங்கிக்கொண்டார்கள்.

சென்னையில் ஆபரேஷன் முடிந்தது. வயிற்றைச் சுற்றி அகலமான இறுக்குப் பட்டை, முழங்காலுக்கடியில் தலையணை. தும்மல் வந்தால், அதை நான்தான் அனுப்பியதுபோல் என்னை முறைப்பார்.

"தையல் இழுக்கும். கொஞ்ச நாள் குனிஞ்சே நடங்க," என்றார் டாக்டர்.

"நானா?" என்றார் அண்ணன்.

முழுதாக ஆறுவதற்குள் பேச்சுவார்த்தை வந்துவிட்டது. உலைக் கொட்டகையின் வெக்கையில் ஆட்கள் மயங்கி விழுந்துகொண்டிருந்தார்கள். பெரிய மின்விசிறிகள் வேண்டும் என்பது கோரிக்கை. அண்ணன் வந்தார், குனிந்தபடியே. கண்ணாடிக் கதவுக்கு வெளியே மொத்த ஷிப்டும் பார்த்துக்கொண்டிருக்க, மேனேஜர் முன் வளைந்து நின்று பேசினார். பேசியது எதுவும் மேனேஜர் காதில் ஏறவில்லை. "அடடா, எதுக்கு இவ்வளவு மரியாதை? அடுத்த வருஷம் பாக்கலாம்," என்று பூரிப்போடு வழியனுப்பிவிட்டார்.

கேட்டில் கூட்டம் கொதித்தது.

"இன்னாண்ணா, வெலை போயிட்டியா?"

"காசிக்குப் போனாரா, மொதலாளி ஊட்டுக்குப் போனாரா?"

"வேற தலைவர வெச்சிக்கலாம்பா!"

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். பிறகு அவரே சட்டையைத் தூக்கிப் பட்டையைக் காட்டினார்.

"தொப்பைய எடுத்துட்டேன்டா. தையல் போட்டிருக்குது. அதான் குனிஞ்சேன். போதுமா?"

ஒருவன் மெதுவாகக் கேட்டான். "எதுக்குண்ணா எடுத்த?"

"இன் பண்ண."

சிரிப்பில் கேட்டே அதிர்ந்தது. அண்ணனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "சிரிக்க வெக்காதீங்கடா, பிச்சிக்கும்!" என்று கெஞ்சினார்.

கையோடு மறுபடி மேனேஜர் அறைக்குக் கிளம்பினோம். படியில் திரும்பிப் பார்த்தேன். அண்ணன் மட்டும் தனியாகக் குனிந்து தெரியக் கூடாதென்று, பின்னால் வந்த அத்தனை பேரும் முதுகை வளைத்துக்கொண்டு நடந்தார்கள்.

"நிமிந்து நடங்கடா, மானம் போவுது!" என்று கத்தினார் அண்ணன்.

மின்விசிறிக்கு மேனேஜர் தலையாட்டும்வரை ஒருவரும் நிமிரவில்லை. டைம் ஆபீஸ்காரனான நானும்தான்.