பாப்பாவின் காது பரிசோதனையும் என் தூக்கமும்

அழுகிற குழந்தையைத் தூங்க வைப்பதுதான் கஷ்டம் என்று எல்லோரும் சொல்வார்கள். தூக்கத்தில் சொக்குகிற குழந்தையைக் கொல்லிமலையிலிருந்து நாமக்கல் வரைக்கும் பஸ்ஸில் விழிக்க வைத்துக் கூட்டிப் போனவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

எங்கள் மகள் நிலா பிறந்ததும் ஆஸ்பத்திரியில் அவள் காதில் ஒரு சின்னக் கருவியை வைத்துப் பார்த்தார்கள். இரண்டு காதுமே தேறவில்லை. காதில் நீர் தங்கியிருந்தாலும் அப்படிக் காட்டுமாம். இன்னொரு முறை, பெரிய மெஷினில் பார்க்க நாள் கொடுத்தார்கள். அந்த நாள் வரும்வரை நான் தினமும் அவள் தலைமாட்டில் நின்று கை தட்டினேன். கண்ணைச் சிமிட்டுவாள். "காத்து பட்டுச் சிமிட்டறாளுங்க" என்பாள் என் மனைவி வசந்தா. (அதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.)

பரிசோதனையின்போது குழந்தை அயர்ந்து தூங்க வேண்டும். வழியில் தூங்கிவிட்டால் அங்கே போய் விழித்துக்கொள்ளும். அதனால் விழிக்க வைத்தே கூட்டி வரச் சொல்லியிருந்தார்கள். அந்தப் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். மலைமேல் செம்மேட்டில் செல்போன் கடை வைத்திருப்பவன். என்னால் முடியாதது எதுவுமில்லை என்று ஒரு நினைப்பு.

மலையிலேயே பிறந்து வளர்ந்தும் எனக்குக் கொண்டை ஊசி வளைவு ஒத்துக்கொள்ளாது. வாந்திக்கு ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். வளைவுகள் தொடங்கியதும் பஸ்ஸே தொட்டிலாகிவிட்டது. பாப்பாவுக்குக் கண் செருகியது. உள்ளங்காலைச் சுரண்டினேன், முகத்தில் ஊதினேன், பாடினேன். அவள் என் வாயையே உற்றுப் பார்த்தாள். பின் சீட்டில் மிளகு மூட்டையோடு வந்த அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"ஏனுங்க, தூங்கற கொழந்தைய எதுக்குங்க இந்தப் பாடு படுத்தறீங்க?"

"தூங்க வைக்கறதுக்குத்தானுங்க" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வசந்தாவிடம், "கண்ணு, கொழந்தைய நீ வாங்கிக்க சாமி" என்றார்.

ஒருவழியாக ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தோம். இருட்டான, குளுகுளு அறை. வசந்தா பால் கொடுத்ததும் பாப்பா தூங்கிப்போனாள். பரிசோதனை செய்யும் மேடம் அவள் நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் வயர்களை ஒட்டினார். "சின்னச் சத்தங்கூட வரக்கூடாதுங்க" என்றார். நான் மூலை நாற்காலியில் உட்கார்ந்து பெரிய மனுஷனாகத் தலையாட்டினேன். அதற்குப் பிறகு நடந்தது வசந்தா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

மெஷினில் கோடுகள் சரியாகவே விழவில்லையாம். மேடம் ஏ.சி.யை நிறுத்திப் பார்த்தார். வராந்தாவில் பேசியவர்களை விலகிப் போகச் சொன்னார். கடைசியில் மூலையைத் திரும்பிப் பார்த்தார். மாத்திரை தன் வேலையைக் காட்டியிருந்தது. நான் வாயைத் திறந்து வைத்து, மலையேறும் லாரி மாதிரி குறட்டை விட்டுக்கொண்டிருந்தேன்.

வசந்தா வந்து தோளைத் தொட்டாள். "ஸ்டாப்பிங் வந்துருச்சா?" என்று கத்திக்கொண்டே எழுந்தேன். நாற்காலி சாய்ந்தது. பக்கத்து மேஜையிலிருந்த எவர்சில்வர் தட்டு, கத்தரிக்கோல், டப்பா எல்லாம் தரையில் விழுந்து உருண்டன. வராந்தாவில் யாருடைய குழந்தையோ வீறிட்டு அழுதது.

எங்கள் பாப்பா அசையவே இல்லை.

மேடம் அவளைப் பார்த்தார். வசந்தாவும் பார்த்தாள். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் குனிந்து கத்தரிக்கோலை எடுத்து வைத்துவிட்டு, யாரும் சொல்லாமலே வெளியே போனேன்.

ரொம்ப நேரம் கழித்துக் கூப்பிட்டார்கள். ரெண்டு காதிலும் கேட்கும் திறன் மிகக் குறைவு என்றார் மேடம். வசந்தா அழவில்லை. "இப்ப என்னங்க மேடம் பண்ணணும்?" என்றாள்.

"கைக்கொழந்தையா இருக்கறப்பவே கண்டுபிடிச்சது நல்லதுங்க. காதுக்கு மெஷின் மாட்டிப் பேச்சுப் பயிற்சிய இப்பவே ஆரம்பிச்சுடலாம்."

அப்புறம் எத்தனையோ தடவை அதே மலை, அதே பஸ். மெஷின் மாட்டினோம், பிறகு காதுக்குள் கருவி வைக்கிற ஆபரேஷனும் நடந்தது. பேச்சு மெதுவாகத்தான் வந்தது, ஆனால் வந்தது. இப்போது நிலா ஒன்றாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் அவளைப் பேசாமல் உட்கார வைக்க முடியவில்லை என்று டீச்சர் புகார் சொல்கிறார்.

ராத்திரி படுக்கும்போது காதிலிருக்கும் மெஷினைக் கழற்றுவது அவள் வேலை. பத்திரமாக டப்பாவில் வைத்து மூடிவிட்டு, என்னைப் பார்த்துப் பெரிய மனுஷி மாதிரிக் கையை அசைப்பாள்.

"அப்பா, இனி நீங்க தூங்கலாம்."

வசந்தா தலையணையைத் தன் காதோடு அழுத்திக்கொண்டு, "குடுத்து வச்சவ" என்பாள்.