நிறுவனத்துக்குச் சொந்தமான படபடப்பு

உலகத்து நிறுவனங்கள் எல்லாம் முதலீட்டில் நிற்கின்றன. நான் மேலாளராக இருக்கும் லிஃப்ட் பராமரிப்பு நிறுவனம் ஒரே ஒரு மனிதரின் நெஞ்சுப் படபடப்பில் நின்றது என்பதை மிகுந்த பெருமையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

அவர் எங்கள் மெக்கானிக். அவரை 'மறுபடி' என்றுதான் கூப்பிடுவோம். தன் பங்கு லிஃப்டைச் சோதிப்பார். பாதி வழியில் வியர்த்துப்போய்த் திரும்பி வந்து சோதிப்பார். வீட்டில் சோற்றில் கை வைத்ததும் இன்னொரு தடவை ஓடி வருவார். அடுத்தவர் பங்கு லிஃப்டையும் விட்டுவைக்க மாட்டார். இப்படியொரு மாணிக்கம் கிடைத்த பிறகு நாங்கள் எதற்குக் கையில் கிரீஸைப் பூசிக்கொள்வது? 'சோதிக்கப்பட்டது' என்ற அட்டையில் கையெழுத்துப் போட்டுக் கடமையாற்றினோம். 'ஓய்வறியா உழைப்பாளி' என்று கேடயம்கூடக் கொடுத்தோம். பொய்யில்லை, மனிதர் நிம்மதியாகத் தூங்கியே வருஷக்கணக்காகிறது.

இந்நிலையில் அவர் மனைவி, நிறுவனத்தைக் கலந்தாலோசிக்காமல், அவரை டாக்டரிடம் அழைத்துப் போய்விட்டார்.

விடுப்பு முடிந்து வந்தவர் ஒரே ஒரு தடவை சோதித்தார். ஸ்பானரைப் பையில் போட்டார். நாற்காலியில் சாய்ந்து எதையோ முணுமுணுத்தார்.

"யார்கிட்ட பேசுறீங்க?" என்றேன்.

"பயத்துகிட்ட சார். வந்தா விரட்டாதீங்க, அது பின்னாடி ஓடவும் ஓடாதீங்க, தானா போயிடும்னு டாக்டர் சொன்னாரு."

"ஆபீஸ் நேரத்துல வெளியாட்களுக்கு அனுமதி கிடையாதே!"

அவசரக் கூட்டம் கூட்டினேன். பொருள்: 'மறுபடி அவர்கள் குணமாகி வருவதால் ஏற்பட்டுள்ள அபாயம்.'

"முழுசா வேண்டாம் சார், காலையில மட்டும் பயந்தா போதும்னு கேட்டுப் பாக்கலாமே" என்றார் கணக்கர்.

"லேசா கிளப்பிவிட்டா தானா வந்துடும்" என்றார் பொறியாளர். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

சாயங்காலம் நானே களத்தில் இறங்கினேன். "அந்த ஆஸ்பத்திரி லிஃப்ட்... பிரேக்கைச் சரியா முடுக்கினீங்கல்ல? ஒண்ணுமில்ல, சும்மாதான் கேட்டேன்."

அவர் முகம் வெளுத்தது. பையைத் தூக்கிவிட்டார். எனக்குப் போன உயிர் வந்தது. ஆனால் பாவி மனிதர் மெதுவாகப் பையைக் கீழே வைத்தார்.

"பதறுது சார். ஆனா ஒழுங்கா பாத்தேன். பதறிக்கிட்டே வீட்டுக்குப் போறேன். நான் எந்திரிச்சு ஓடாம சாப்பிட்டு எம்பொண்ணு பாத்ததே இல்ல. காத்துட்டிருப்பா."

எங்கள் அலுவலகம் எட்டாவது மாடியில். அவர் பட்டனை அழுத்தினார். லிஃப்ட் திறந்தது. உள்ளே அட்டையில் என் கையெழுத்து, மணிமணியாக.

"இருங்க! இதைப் பாத்தீங்களா?"

"இது உங்க பங்கு சார். அடுத்தவங்க பங்கைப் பாக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அதான் நீங்க பாத்துட்டீங்களே!" ஒரு காலை உள்ளே வைத்துவிட்டார்.

சட்டையைப் பிடித்து இழுத்தேன். "படியில போலாம். உடம்புக்கு நல்லது."

அவர் என்னைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார். சேர்ந்து இறங்கினோம். நான் கையெழுத்துப் போட்ட லிஃப்டுகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. ஒவ்வொன்றிலும் யாரோ குழந்தையோடு ஏறிக்கொண்டிருந்தார்கள். வியர்த்துக் கொட்டியது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

"விரட்டாம விட்டா போயிடும்னு சொன்னீங்களே?" என்றேன்.

"என்னோடது போயிடும் சார்" என்று ஸ்பானரை எடுத்து என் கையில் வைத்தார். "உங்களோடது, போய்ப் பாத்தாதான் போகும்."

அவர் சாப்பிடப் போனார். இத்தனை வருஷம் அவருக்கு வியர்த்ததில் பாதி எனக்கு வியர்த்திருக்க வேண்டியது. அதைத்தான் கேடயத்தோடு சேர்த்து அவர் தலையில் கட்டியிருந்தேன்.